கழற்றச் சொன்னது நான்

சேசு மரி சூசை

நாயாறு,
முல்லைத்தீவு.
20.02.2022

அன்புள்ள மகன் றொனால்டுக்கு அப்பா எழுதிக்கொள்வது. இங்கே நானும் அம்மாவும் தங்கச்சி கலிஸ்ராவும் ஆண்டவர் தந்த அளவுக்குச் சுகமாக இருக்கிறோம். நீயும் மருமகள் பிரேமிளாவும் பேரன் லக்ஷனும் டென்மார்க்கில் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும் என்று அம்மா ஒவ்வொரு நாளும் செபமாலை சொல்லுகிறார். நானும் பக்கத்தில் இருந்து சொல்லுகிறேன், ஆனால் இந்தக் கிழமை உன்னுடைய பெயர் வருகிற இடத்தில் எனக்கு வாய் இறுகிப் போகிறது. ஏன் என்று இதை முடியும்வரை வாசித்தால் உனக்கு விளங்கும். பாதியில் மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு வேலைக்குப் போகாதே.

கடல் அடங்கிவிட்டது. வாடைக்காற்று முடிகிற நேரம், இறால் படுகிறது, ஆனால் இயந்திரத்துக்கு மண்ணெண்ணெய் இல்லை, அதனால் நான் வள்ளத்தைக் கம்பால் ஊன்றிக்கொண்டு கரையோரக் களப்புக்குள்ளேயே வலை போடுகிறேன். பால்மாவுக்கு வரிசை, காஸுக்கு வரிசை, அம்மா குசினியில் மறுபடியும் விறகுதான் எரிக்கிறார். அவருடைய கையைப் பற்றிக் கேட்டிருந்தாய். எலும்பு பொருந்திவிட்டது, ஆனால் அந்தக் கையால் வாளி தூக்க ஏலாது, தேங்காய் துருவ ஏலாது. கிணற்றடியில் வழுக்கி விழுந்து முறிந்தது என்று உனக்குச் சொன்னோம், அது பொய், அதையும் இதில் எழுதுகிறேன். உங்கள் பக்கம் பனி இன்னும் கொட்டுகிறது என்று பிரேமிளா சொன்னாள். விடிய இருட்டோடு வாகனம் ஓடுகிறவன் நீ, கவனம், வேகமாக ஓடாதே. பேரனைத் தமிழ் வகுப்புக்குத் தவறாமல் அனுப்பு.

இனி விசயத்துக்கு வருகிறேன். நிலையத்தில் வேலை செய்கிற ஜெயரூபியை உடனே வேலையிலிருந்து நிறுத்த வேண்டும் என்று உங்கள் சங்கத்திலிருந்து வந்த கடிதத்தை நிலையத்துக்குப் பொறுப்பாக இருக்கிற பரமலிங்கம் மாஸ்டர் வீட்டுக்குக் கொண்டுவந்து என்னிடம் காட்டினார். பாதுகாப்பு விதிகளை மீறிப் பயனாளி ஒருவர் முன்னால் முகக்கவசத்தை அகற்றினார் என்று அதில் இருந்தது. கீழே செயலாளர் என்று போட்டு உன்னுடைய கையெழுத்து. பயனாளி ஒருவர் என்று நீ எழுதியிருப்பது யாரை என்று உனக்குத் தெரியுமா தம்பி? உன்னுடைய தங்கச்சியை. அவளுக்கு ஞானஸ்நானம் கொடுத்த அன்று கோயில் வாசலில் நீதான் மெழுகுதிரி பிடித்துக்கொண்டு நின்றாய், அவளுடைய பெயர் உனக்குத் தெரியும். அந்தக் கையெழுத்தை வைக்கும்போது இங்கே நடந்ததில் எவ்வளவு உனக்குத் தெரியும், எவ்வளவு தெரியாது என்று எனக்குத் தெரியவில்லை. அதனால் தொடக்கத்திலிருந்து எழுதுகிறேன், தெரிந்தது இருந்தாலும் மறுபடி வாசி.

மீள்குடியேறி வந்த பிறகு, அங்கே இருக்கிற எங்கள் ஊர்ப் பிள்ளைகள் நீங்கள் எல்லோரும் சங்கமாகச் சேர்ந்து வீதியோரம் அந்தப் பகல் பராமரிப்பு நிலையத்தைக் கட்டித் தந்தீர்கள். அதற்கு இன்றைக்கும் நன்றி சொல்லுவேன், கோபத்தில் அதை மறைக்க மாட்டேன். வயதால் வளர்ந்து மற்றதில் வளராத பிள்ளைகள், சண்டைக் காலத்துச் செல்லடியில் தலையில் காயப்பட்டவர்கள், வீட்டில் தனியே விட்டுப் போக முடியாத பெரிய ஆட்கள், இவர்களுக்கென்று இந்தக் கரையில் வேறு ஒரு இடம் இல்லை. காலையில் கொண்டுபோய் விடுவோம், பின்னேரம் கூட்டி வருவோம். அந்த இடைவெளியில்தான் நாங்கள் தொழில் செய்தோம். அம்மா கருவாடு போட்டார், சந்தைக்குப் போனார், சில நாள் ஒன்றும் செய்யாமல் கதிரையில் இருந்து ஒரு தேத்தண்ணி குடித்தார். கலிஸ்ராவிடம் இருக்கிற சொற்களை விரல்விட்டு எண்ணலாம், ஆனால் நிலையத்தில் மத்தியானச் சாப்பாட்டுக்குக் கோப்பை வைப்பது அவள்தான். எந்தக் கோப்பை யாருடையது என்று அவளுக்குத் தெரியும், யாராவது மாற்றி வைத்தால் விடமாட்டாள். ஜெயரூபியை றூபி என்று கூப்பிடுவாள். காலையில் போனவுடன் றூபியின் மூக்கைப் பிடித்து இழுத்துவிட்டுச் சிரிப்பாள். எங்கள் ஒருவருடைய மூக்கையும் அவள் அப்படித் தொட்டதில்லை.

கொரோனா வந்த பங்குனியில் நிலையத்தைப் பூட்டினார்கள். பூட்டத்தான் வேண்டும், அந்த நேரம் யாருக்கு என்ன தெரியும், அதில் நான் குறை சொல்லவில்லை. நான் கேட்பது திறப்பதைப் பற்றி. முதலில் மீன் சந்தையைத் திறந்தார்கள். சாராயக் கடையைத் திறந்தபோது அதன் முன்னால் நின்ற சனத்தைப் பார்த்தால் மடு மாதா திருவிழா தோற்றுப்போகும். பஸ் ஓடியது, தையல் வகுப்பு நடந்தது, கலியாணத்துக்கு இத்தனை பேர் போகலாம், செத்த வீட்டுக்கு இத்தனை பேர் போகலாம் என்று தொலைக்காட்சியில் ஒவ்வொரு கிழமையும் சொன்னார்கள். எங்கள் பிள்ளைகளைப் பற்றி ஒருவரும் ஒரு சொல் சொல்லவில்லை. கலிஸ்ரா விடிய எழும்பித் தன்னுடைய பையை மாட்டிக்கொண்டு நடந்து போய் அந்தப் பூட்டின கேற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். வெயில் ஏறின பிறகு நானோ அம்மாவோ போய் இழுத்துக்கொண்டு வருவோம். தொடக்கத்தில் ஜெயரூபி சைக்கிளில் வீடு வீடாகப் போய் வேலிக்கு வெளியில் நின்று பிள்ளைகளோடு கதைத்துவிட்டுப் போனாள். பணியாளர்கள் வீடுகளுக்குப் போகக்கூடாது என்று உங்கள் சங்கம் சொல்லி அதையும் நிறுத்தியது. மாதம் போகப் போக கலிஸ்ரா கேற்றடிக்குப் போவதை விட்டாள். சாப்பாட்டைத் தள்ளி வைத்தாள், தன்னுடைய கையைத் தானே கடித்தாள், கழுவி உடுப்பு மாற்ற அம்மாவைக் கிட்ட விடவில்லை. இருந்த சொற்களும் ஒவ்வொன்றாகப் போயின. கடைசியில் றூபி என்ற சொல்லும் போனது. நீ வீடியோவில் வருகிற ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மா அவளுக்குத் தலை இழுத்துப் பின்னி, பவுடர் போட்டு, கடித்த கையைச் சால்வையால் மூடி உனக்கு முன்னால் இருத்துவார். தங்கச்சி வடிவாக இருக்கிறாள் என்று நீ சொல்லுவாய்.

போன வருசம் ஆவணியில் எனக்குத் தொற்று வந்தது உனக்குத் தெரியும். தெரியாதது, என்னைக் கொண்டுபோன விதம். தலையிலிருந்து கால்வரை வெள்ளை உடுப்பும் முகத்துக்கு முன்னால் பிளாஸ்ரிக் தகடும் போட்ட இரண்டு பேர் அம்புலன்ஸில் வந்து இறங்கினார்கள். அவர்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை, மரியாதையாகத்தான் கூட்டிக்கொண்டு போனார்கள். ஆனால் கலிஸ்ரா அதைப் பார்த்துக்கொண்டு முற்றத்தில் நின்றாள். கண் மட்டும் தெரிகிற இரண்டு பேர் வந்தார்கள், அப்பாவை வாகனத்துக்குள் ஏற்றினார்கள், கதவைச் சாத்தினார்கள், அப்பா இல்லை. நான் திரும்பி வரும்வரை அவள் வாகனம் நின்ற இடத்திலேயே போய்ப் போய் இருந்தாள் என்று அம்மா சொன்னார்.

அதற்குப் பிறகு ஐப்பசியில் பள்ளிக்கூடங்களைத் திறந்தார்கள். வெள்ளை உடுப்புப் போட்ட பிள்ளைகள் எங்கள் படலையைத் தாண்டிப் போகிறதைக் கண்டதும், தனக்கும் திறந்துவிட்டார்கள் என்று அவள் நினைத்திருக்க வேண்டும். எத்தனையோ மாதமாகத் தொடாமல் கிடந்த பையை எடுத்து மாட்டிக்கொண்டு படலையைத் திறந்தாள். வீதியில் டிப்பர் லொறிகள் ஓடுகிற நேரம். அம்மா ஓடிப் போய்க் கட்டிப்பிடித்தார். கலிஸ்ரா விடவில்லை, இருவரும் இழுபட்டு, படலைக் கல்லில் அம்மா கீழேயும் அவள் மேலேயுமாக விழுந்தார்கள். அம்மாவின் கை முறிந்தது அப்படித்தான். நான் களப்பிலிருந்து வரும்போது அம்மா முறிந்த கையோடு நிலத்தில் இருந்து மற்றக் கையால் அவளைப் பிடித்துக்கொண்டு இருந்தார். ஆஸ்பத்திரியில் விசாரித்தபோதும் வழுக்கி விழுந்தேன் என்றுதான் சொன்னார். உனக்கும் அப்படியே சொல்லச் சொன்னார். மகளை யாரும் பொல்லாதவள் என்று நினைத்துவிடக் கூடாது என்பது அவருடைய பயம்.

அம்மாவைக் கட்டுப் போட்டுக் கொண்டுவந்து விட்ட பிறகு நான் அலுவலகத்துக்குப் போனேன். எந்த அலுவலகம் என்று எழுதவில்லை, எல்லா இடத்திலும் ஒரே கதைதான். ஒரு மேசையில் இருந்தவர் என்னை நல்ல மரியாதையாக இருக்கச் சொல்லி, மகளுக்கு என்ன வயது என்று கேட்டார். சொன்னேன். முன்பள்ளி திறக்கலாம் என்று வந்திருக்கிறது, முதியோர் இல்லத்துக்கு விதிமுறை வந்திருக்கிறது என்று தாள்களைப் புரட்டிக் காட்டிவிட்டு அவர் சொன்னார், "உங்கட மகள் சின்னப்பிள்ளையும் இல்லை, முதியவரும் இல்லை. சுற்றறிக்கையில இல்லாத ஆக்களுக்கு நான் என்னண்டு ஐயா அனுமதி தாறது?" எனக்கு அந்த மேசையைக் கவிழ்க்க வேண்டும் போல இருந்தது. சுற்றறிக்கையில் இல்லாவிட்டால் என்ன, என்னுடைய வீட்டில் இருக்கிறாள், வந்து பாருங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன். அன்றைக்குத்தான் அனுமதி கிடைக்காததை உன்னிடம் போனில் சொன்னேன். நீ நல்ல மனதோடுதான் சொல்லியிருப்பாய், ஆனால் சொன்னாய், அம்மாவுக்கு ஏலாவிட்டால் தங்கச்சியை வவுனியாவில் ஏதாவது ஒரு இல்லத்தில் விடுங்கள், செலவை நான் பார்க்கிறேன் என்று. நான் போனை அம்மாவிடம் கொடுத்தேன். கடைசிச் சண்டையில் அவளை முதுகில் சுமந்துகொண்டு நெஞ்சளவு தண்ணீரைக் கடந்தவன் நீ. அவளை விட்டுவிட்டு ஓடு என்று அன்றைக்கு எங்களைக் கடந்து போன சனம் கத்தியது, நீ கேட்கவில்லை. அந்தப் பெடியனைத்தான் நான் விமானம் ஏற்றி அனுப்பினேன்.

பிறகு ஒரு மாதிரி மார்கழியில் அனுமதி வந்தது. சுகாதாரப் பகுதியினர் வந்து பார்த்தார்கள். பாதிப் பேராக மாறி மாறி எடுங்கள், யன்னல்களைத் திறந்து வையுங்கள், முகக்கவசம் போடக்கூடியவர்களுக்குப் போடுங்கள், போட முடியாதவர்களை வெளியில் கொட்டிலில் காற்றோட்டமாக இருத்துங்கள் என்று மனிசத்தனமாகச் சொல்லிவிட்டுப் போனார்கள். அரசாங்கம் விட்டது, நீங்கள் விடவில்லை. உங்கள் சங்கம் சூம் கூட்டத்துக்கு மேல் சூம் கூட்டம் போட்டது. ஒரு சாவு விழுந்தால் சங்கத்தின் பெயர் என்ன ஆவது என்று அதில் கேட்டார்களாம். நத்தார் போனது, பொங்கலும் போனது, அதற்குப் பிறகுதான் உங்களுடைய விதிகள் வந்தன. முகக்கவசம் போடாத பயனாளிக்கு அனுமதி இல்லை. பணியாளர் நீல அங்கியும் முகக்கவசமும் பிளாஸ்ரிக் தகடும் எந்த நேரமும் போட்டிருக்க வேண்டும். தொடக்கூடாது. பெற்றோர் கேற்றுக்கு உள்ளே வரக்கூடாது. எல்லாம் சரியாக நடக்கிறது என்று நாளாந்தம் படம் எடுத்து அனுப்ப வேண்டும். அக்கராயன் பக்கமிருந்து வந்து குடியிருக்கிற சிவனேஸ்வரி அக்காவின் மகன் செந்தூரனை உனக்குத் தெரியும், தலைக்காயம் பட்டவன், முகத்தில் எது பட்டாலும் பிய்த்து எறிவான். அவனை முதல் நாளே கேற்றில் வைத்துத் திருப்பி அனுப்பினார்கள். சிவனேஸ்வரி அக்கா அவனுடைய கையைப் பிடித்துக்கொண்டு வீதியோரமாக நடந்து போனதை நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

எங்கள் கதை அதைவிட மோசம். கலிஸ்ரா முகக்கவசம் போடுவாள், அம்மா பொறுமையாகப் பழக்கியிருந்தார். புதுச் சட்டை போட்டு, பையை மாட்டி, என்னுடைய கையைப் பிடித்துக்கொண்டு கேற்றடிவரை சந்தோசமாக வந்தாள். உள்ளேயிருந்து ஜெயரூபி வந்தாள். நீல அங்கி, முகக்கவசம், அதற்கு மேல் தகடு. கண் மட்டும் தெரிந்தது. கலிஸ்ரா போட்ட சத்தத்தை எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. என்னுடைய சேட்டுக் கையைப் பிடித்துக்கொண்டு என்னை வீதிக்கு இழுத்தாள், தன்னைப் பிடிக்க வந்தார்கள் என்று அல்ல, என்னைக் கொண்டுபோக வந்தார்கள் என்று. நின்ற இடத்திலேயே சட்டையை நனைத்துவிட்டாள். முப்பத்து மூன்று வயதுப் பெண்பிள்ளை, தம்பி, வீதியில், சனம் பார்க்க. ஜெயரூபி தகட்டுக்குப் பின்னால் அழுதுகொண்டு தான் றூபி, தான் றூபி என்று சொல்லிக்கொண்டு நின்றாள், அந்தச் சத்தம் முகக்கவசத்துக்குள் வேறு யாருடையதோ மாதிரிக் கேட்டது. அடுத்த நாளும் கூட்டிக்கொண்டு போனேன், அதே கதைதான். நிலையம் பூட்டிக் கிடந்தபோது அவள் கேற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள், திறந்த பிறகு அந்தக் கேற்றைக் கண்டு ஓடினாள். உங்கள் விதிகள் செய்த வேலை அது.

மூன்றாம் முறை நான் கேற்றடிக்குக் கிட்டப் போகவில்லை. வீதிக்கு மற்றப் பக்கம் இருக்கிற வேப்பமரத்துக்குக் கீழே அவளோடு நின்றுகொண்டு ஜெயரூபியை வெளியே கூப்பிட்டேன். அவள் கேற்றைத் தாண்டி வந்து எங்களுக்கு எட்டத்தில் நின்றாள். கலிஸ்ரா என்னுடைய முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டாள். நான் சொன்னேன், "அதைக் கழட்டு பிள்ளை." அவள் திரும்பி நிலையத்தைப் பார்த்தாள். தன்னை வேலையால நிப்பாட்டிப் போடுவினம் ஐயா என்று மெதுவாகச் சொன்னாள். நான் திரும்பவும் சொன்னேன், "நான் சொல்லுறன். கழட்டு. நான் பாத்துக்கொள்ளுறன்." அவள் தகட்டைக் கழற்றினாள், அங்கியைக் கழற்றி மரத்தடியில் போட்டாள், கடைசியாக முகக்கவசத்தைக் கழற்றினாள். இரண்டு வருசத்தில் அந்தப் பிள்ளையும் மெலிந்து, கன்னம் ஒட்டி, எனக்கே ஒரு கணம் ஆள் விளங்கவில்லை. கலிஸ்ரா என்னுடைய தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தாள். கனநேரம் பார்த்தாள். பிறகு என்னை விட்டுவிட்டு நடந்து போய், ஜெயரூபியின் வாயைத் தொட்டுப் பார்த்தாள், கன்னத்தைத் தொட்டுப் பார்த்தாள், மூக்கைப் பிடித்து இழுத்தாள். "றூபி" என்றாள்.

அது எவ்வளவு காலத்துக்குப் பிறகு அவளுடைய வாயிலிருந்து வந்த சொல் என்று உனக்கு விளங்குகிறதா? நான் வேப்பமரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கலிஸ்ரா என்னைத் திரும்பியும் பார்க்காமல் வீதியைக் கடந்து, கேற்றுக்குள் போய், நேரே குசினிப் பக்கம் போனாள். பின்னால் போன ஜெயரூபி கழற்றின எல்லாவற்றையும் அவள் பார்க்கப் பார்க்க ஒவ்வொன்றாகத் திரும்பப் போட்டாள். உள்ளே இருப்பது றூபிதான் என்று தெரிந்த பிறகு அவள் பயப்படவே இல்லை. உங்கள் விதியும் காப்பாற்றப்பட்டது, என்னுடைய பிள்ளையும் காப்பாற்றப்பட்டாள். அன்று மத்தியானம் கோப்பை வைத்தாள். அன்று பின்னேரம் அம்மா கதிரையில் இருந்து தேத்தண்ணி குடித்தார்.

மரத்தடியில் நடந்ததைப் பரமலிங்கம் மாஸ்டர் கேற்றுக்கு உள்ளே நின்று படம் எடுத்திருந்தார். நீங்கள்தானே படம் கேட்டீர்கள். நான் முதலில் அவரில்தான் பாய்ந்தேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு சொன்னார், உன்னுடைய தங்கச்சி திரும்பவும் சிரிக்கிறாள் என்று பார்த்தால் நீ சந்தோசப்படுவாய் என்றுதான் அதை உனக்கு அனுப்பினாராம், சங்கத்துக்கு அல்ல, உனக்கு. அந்தப் படத்தை அவர் எனக்கும் காட்டினார். கலிஸ்ரா ஜெயரூபியின் மூக்கைப் பிடித்துக்கொண்டு பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிறாள். அந்தப் படத்தில் நீ என்னத்தைப் பார்த்தாய் றொனால்ட்? அதை எடுத்துக் கூட்டத்தில் போட்டுக் காட்டி, விதி மீறல் என்று தீர்மானம் எழுதிக் கையெழுத்து வைக்க உனக்கு எப்படி மனம் வந்தது? இந்த மாசம் முதலாம் திகதியோடு உங்கள் நாட்டில் எல்லாக் கட்டுப்பாட்டையும் எடுத்துவிட்டார்கள் என்று செய்தியில் சொன்னார்கள். லக்ஷனுடைய பிறந்தநாளுக்கு மண்டபம் நிறையச் சனம் வந்த படங்களைப் பிரேமிளா அனுப்பியிருந்தாள். சங்கத் தலைவரும் நீயும் தோளில் கை போட்டுக்கொண்டு கேக் தின்கிறீர்கள். ஒருவர் முகத்திலும் ஒரு துணித்துண்டு இல்லை. அந்தப் படங்கள் வந்த கிழமைதான் ஜெயரூபியை நிறுத்தச் சொல்லிய கடிதமும் வந்தது. நீங்கள் சந்தோசமாக இருப்பதில் எனக்குப் பொறாமை இல்லை, பேரன் நூறு பிறந்தநாள் கொண்டாடட்டும். ஆனால் உங்களுடைய பயத்தை எல்லாம் கழற்றிப் பொதி செய்து எங்கள் பிள்ளைகளின் தலையில் கட்டாதீர்கள்.

ஜெயரூபி கடிதத்தை வாங்கி வாசித்துவிட்டுச் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். கழற்றச் சொன்னது நான் என்று அவள் மாஸ்டரிடம்கூடச் சொல்லவில்லை. நான்தான் சொன்னேன். இப்போது உனக்கும் சொல்லுகிறேன், உங்கள் கூட்டக் குறிப்பில் அதையும் எழுது. கழற்றச் சொன்னது கிறிஸ்தோப்பர், செயலாளரின் தகப்பன். தண்டனை கொடுப்பதென்றால் எனக்குக் கொடுங்கள்.

அடுத்த நாளே நாங்கள் பெற்றோர் எல்லோரும் நிலையத்து முற்றத்தில் கூடினோம். சுகாதாரப் பகுதியிலிருந்து வந்தவரிடம் மாஸ்டர் தானாகவே நடந்ததைச் சொல்ல, வெளியில், காற்றில், மரத்தடியில் நடந்ததுதானே, இதில் என்ன பிழை என்று அவர் கேட்டுவிட்டுப் போய்விட்டார். அப்படியென்றால் குறுக்கே நிற்பது நீங்கள் மட்டும்தான் என்று எல்லோருக்கும் விளங்கியது. சங்கத்தைப் பகைத்தால் சாப்பாட்டுக்கு என்ன செய்வது என்று சிலர் பயந்தார்கள், அதுவும் நியாயமான பயம்தான். சங்கத்தார் தூரத்தில் இருந்து கவலையில்தான் இப்படிச் செய்கிறார்கள் என்று மாஸ்டர் சமாதானம் சொன்னார். அப்போது செந்தூரனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இருந்த சிவனேஸ்வரி அக்கா எழும்பினார். அவர் கூட்டத்தில் கதைத்து நான் முன்னால் பார்த்ததில்லை. "எங்கட பிள்ளையள் செத்துப்போவினம் எண்டு எல்லாரும் பயப்பிடுகினம். ரெண்டு வருசமா அதுகள் என்னண்டு உயிரோட இருக்குதுகள் எண்டு ஒருத்தரும் கேக்கேல்லை" என்றார். மாஸ்டர் சட்டைப் பைக்குள்ளிருந்து நிலையத்துத் திறப்புக் கொத்தை எடுத்து எங்களுக்கு முன்னால் வைத்தார்.

திங்கட்கிழமையிலிருந்து நிலையத்தை நாங்களே நடத்துகிறோம். மீன் எங்கள் பக்கத்து மீன்பிடி வாடிகளிலிருந்து போகிறது, அரிசியைச் சிவனேஸ்வரி அக்கா தன்னுடைய வயல் நெல்லிலிருந்து தருகிறார், மற்றதுகளை மாதக் கடைசியில் எப்படிச் சமாளிப்பது என்று உண்மையாகவே எனக்குத் தெரியாது. ஜெயரூபியை நானும் அம்மாவும் கலிஸ்ராவோடு வீட்டுக்குப் போய்க் கூட்டி வந்தோம். வரமாட்டேன் என்றுதான் முதலில் சொன்னாள், எங்களோடு அல்ல, உங்களோடு உள்ள மனவருத்தம். கலிஸ்ரா முற்றத்தில் நின்று கூப்பிட்ட பிறகுதான் சைக்கிளை எடுத்தாள். யன்னல்கள் திறந்திருக்கின்றன, எல்லோரும் கை கழுவுகிறார்கள், போடக்கூடியவர்கள் முகக்கவசம் போடுகிறார்கள். காலையில் ஒவ்வொருவரும் வரும்போது ஜெயரூபி மரத்தடியில் நின்று முகத்தைக் காட்டிவிட்டுத்தான் போடுகிறாள். செந்தூரன் வெளிக் கொட்டிலில் காற்றில் இருக்கிறான், வந்த நாளிலிருந்து ஒருமுறையும் சத்தம் போடவில்லை. உங்கள் சங்கத்தின் பெயர்ப்பலகையை நானே ஏணி வைத்து ஏறிக் கழற்றினேன். உடைக்கவில்லை, அழுக்குப் படாமல் சாக்கில் சுற்றி வைத்திருக்கிறேன். கோபத்தில் செய்தேன், ஆனால் பிழையாகச் செய்ததாக நினைக்கவில்லை.

நீ செய்ய வேண்டியதைச் சொல்லுகிறேன், கேள். ஜெயரூபியை நிறுத்திய கடிதத்தைத் திருப்பி எடு, அதையும் எழுத்தில் எடு, போனில் ஆளுக்கு ஆள் சொல்லி மழுப்பக் கூடாது. அவளிடம் நீயே கதைத்து மன்னிப்புக் கேள். சங்கம் என்று சொல்லிக்கொண்டு பின்னால் நிற்காதே, கையெழுத்து உன்னுடையது. பிறகு, முடியுமென்றால், லீவு எடுத்து வா. விதி எழுத முன்னம் ஒரு நாள் காலையிலிருந்து பின்னேரம்வரை தங்கச்சியோடு இருந்து பார். இல்லம் என்ற கதையை இனி இந்த வீட்டில் எடுக்காதே. நானும் அம்மாவும் இல்லாத காலத்தைப் பற்றி நாங்கள் யோசிக்கவில்லை என்று நினைக்காதே, அதைத் தவிர வேறு ஒன்றையும் நாங்கள் யோசிப்பதில்லை.

பிரேமிளாவை நான் ஒன்றும் குறை சொல்லவில்லை என்று சொல்லு. பேரனுக்கு என்னுடைய முத்தங்கள். சளி பிடித்தால் அவனை அந்தக் குளிருக்குள் வெளியே விடாதே. அம்மா உனக்காக வறுத்த மிளகாய்த் தூள் கட்டி வைத்திருக்கிறார், யாராவது அந்தப் பக்கம் வந்தால் கொடுத்துவிடுவோம், என்னுடைய கோபம் அந்தப் பொதியில் இல்லை. தவக்காலம் கிட்டுகிறது. சாம்பல் புதனுக்கு முன்னம் பாவசங்கீர்த்தனம் செய்ய வேண்டும், ஆனால் போன ஞாயிறும் நான் நற்கருணை எடுக்காமல் பின்வரிசை வாங்கிலிலேயே இருந்தேன். பெற்ற பிள்ளையில் இவ்வளவு கோபத்தை வைத்துக்கொண்டு பீடத்தடிக்குப் போக எனக்குக் கால் வரவில்லை. பங்குத்தந்தை ஏன் என்று கேட்டார், வயிற்றுக் கோளாறு என்று சொன்னேன். மாதா உன்னையும் உன்னுடைய குடும்பத்தையும் காக்கட்டும், உன்னுடைய கை தொட்ட காரியம் நன்றாக வரட்டும், நல்ல புத்தியும் வரட்டும்.

இந்தக் கடிதத்துக்குப் பதில் எழுத்திலே எழுது, போன் எடுக்காதே. போன் எடுத்தால் அம்மா உன்னுடைய குரலைக் கேட்டு அழுவார், அவர் அழுவதைப் பார்த்து நானும் சமாதானமாகிவிடுவேன். எனக்கு இப்போதைக்குச் சமாதானமாக விருப்பமில்லை.

இப்படிக்கு,
உன்னுடைய அப்பா
கிறிஸ்தோப்பர்